கடலைத் தட்டை மூடும் துணி

செல்லப்பா பெரிய மனிதர் இல்லை. கண்டி மாநகரசபையில் இருபத்தெட்டு வருஷம் குப்பை டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு பிலிமத்தலாவையில், கொழும்பு வீதி வளைவில், பெண்சாதி வடிவம்மாவின் கடலை வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றி எழுத உனக்கு என்ன அருகதை என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் என்னளவுக்கு அவரை உற்றுப் பார்த்தவன் அந்த வட்டாரத்தில் வேறு எவனும் இல்லை. நான்கு நாள் எதிர்ப்பக்க பஸ் தரிப்பிடத்தில் பத்திரிகைக்குப் பின்னால் ஒளிந்திருந்து பார்த்திருக்கிறேன்.

என் பெயர் நளீர். சந்தேகப் பிராணி என்று வீட்டிலும் சொல்வார்கள், வேலையிலும் சொல்வார்கள். மீன்காரன் தராசைத் தூக்கினால் நான் மீனைப் பார்ப்பதில்லை, அவன் விரலைப் பார்ப்பேன். டாக்டர் மருந்து எழுதினால் இன்னொரு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுவேன். கலியாணம் பேசி முடிந்த பிறகு, சகீனாவுக்குக் கண் சரியாகத் தெரியுமா என்று பார்க்கப் பத்திரிகையை நீட்டி வாசிக்கச் சொன்னவன் நான். அவள் அதை இன்றைக்கும் மறக்கவில்லை.

2014இல் நான் பிலிமத்தலாவையில் ஒரு புகைச் சோதனை நிலையத்தின் பொறுப்பாளர். எந்த வாகனமாக இருந்தாலும் வருஷா வருஷம் வரி லைசன்ஸ் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் எங்களிடம் வந்து பாஸாக வேண்டும். சைலன்சர் குழாய்க்குள் ஒரு கம்பியை விடுவோம், கணினி புகையை அளந்து சொல்லும். பிரேக் பிடிக்கிறதா, லைட் எரிகிறதா என்பதெல்லாம் எங்கள் வேலை இல்லை. பிரேக்கே இல்லாத பைக்காக இருந்தாலும் புகை சுத்தமாக இருந்தால் எங்களிடம் பாஸ்தான். இந்த வேலையைப் பிடிக்க நான் ஒன்பது வருஷம் ஒரு பேட்டரிக் கடையில் நின்றுகொண்டே படித்தேன்.

அந்த வருஷம் ஜூன் மாதம் தலைமைக் கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இருபது வருஷத்துக்கு மேற்பட்ட பழைய மோட்டார் சைக்கிள்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு உங்கள் நிலையத்தில் முதல் தடவையிலேயே பாஸாகின்றன. மற்ற நிலையங்களில் இது அறுபதைத் தாண்டுவதில்லை. உங்களிடமே புதிய வண்டிகள்கூட இந்த அளவுக்குப் பாஸாகவில்லை. இரண்டு கிழமைக்குள் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும், திருப்தியான காரணம் இல்லையென்றால் பொறுப்பாளர் பதவி நீக்கப்படுவார்.

கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். வேலை போவது ஒரு பக்கம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பள்ளிவாசல் படியில் நின்று, "நளீர் கை நீட்டி அகப்பட்டுட்டானாம்" என்று பேசுவார்களே, அதை எப்படித் தாங்குவது? ஊரையே சந்தேகப்பட்டுத் திரிந்தவனை ஊர் விட்டுவைக்குமா? நான் ஒரு சதமும் வாங்காதவன். அப்படியானால் வாங்குகிறவன் வேறு யாரோ இருக்கிறான், இரண்டு கிழமைக்குள் அவனைப் பிடித்தாக வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

முதலில் திருச்செல்வத்தைச் சந்தேகப்பட்டேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மெஷினைக் கையாள்பவன் அவன்தான். பேச்சுக் குறைவு. பேச்சுக் குறைந்தவர்களை எனக்கு ஆகாது.

"திருச்செல்வம், இந்தக் கிழட்டு பைக் எல்லாம் எப்பிடிப் பாஸாகுது?"

"எனக்கென்ன தெரியும் சேர். மெஷின் சொல்லுது, நான் பதியிறன்."

"மெஷினுக்கு நீ ஏதும் சொல்லிக் குடுக்கிறியோ?"

"ஓம் சேர். பின்னேரத்திலை மெஷினுக்கு டியூசன் குடுக்கிறன்."

அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. இரண்டு நாள் அவன் முதுகுக்குப் பின்னாலேயே நின்றேன். கம்பியைக் குழாய்க்குள் முழுதாக விடுகிறானா, பாதிதான் விடுகிறானா என்று குனிந்து பார்த்தேன். முழுதாகத்தான் விட்டான். அடுத்தது றம்லத். பணம் வாங்கிப் பற்றுச்சீட்டுக் கொடுக்கும் பெண். அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து அவளுடைய பையைத் திறந்தேன், அந்த நேரம் பார்த்துத் திரும்பி வந்துவிட்டாள்.

"நளீர் நானா, என்ட பேக்குக்குள்ள என்னத்தத் தேடுறீங்க? லிப்ஸ்டிக் வேணுமா?"

எனக்குக் காது சிவந்துவிட்டது. கடிதத்தை எடுத்து அவளிடம் காட்டினேன். அவள் வாசித்துவிட்டு வாசல் பக்கம் பார்த்தாள்.

"ஒண்டு செல்லவா? பழைய பைக் கொண்டு வார ஆக்கள்ள முக்காவாசிப் பேர் கையில கடலைச் சுருளோடதான் வாராங்க. புது பைக்காரங்க அப்பிடி இல்ல. இதக் கவனிச்சீங்களா?"

நான் கவனிக்கவில்லை. அன்று மாலைவரை வாசலில் நின்று கவனித்தேன். அவள் சொன்னது மெய். புசல்லாவையிலிருந்து, கம்பளையிலிருந்து, ஹந்தானைத் தேயிலைத் தோட்ட லயங்களிலிருந்தெல்லாம் வந்த ஆட்கள். அங்கேயெல்லாம் பக்கத்திலேயே நிலையங்கள் இருக்கின்றன, இவர்கள் ஏன் இவ்வளவு தூரம் வருகிறார்கள்? முப்பது வருஷத்துக் கிழட்டு வண்டிகள். ஒவ்வொருத்தன் கையிலும் காகிதச் சுருள். எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. அந்தச் சுருள்தான் அடையாளம். சுருளோடு வருகிறவன் காசு கட்டிவிட்டான் என்று அர்த்தம், உள்ளே இருக்கும் ஆள் அதைப் பார்த்துப் பாஸ் போடுகிறான். இதைக் கண்டுபிடித்ததும் என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு மனிதரை நிறுத்தி அவருடைய சுருளைப் பறித்துப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே கடலை, தேங்காய்ச் சொட்டு, காய்ந்த மிளகாய். காகிதம் யாரோ ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கணக்குத் தாள். மூன்று சரி, இரண்டு பிழை. மூன்றுக்கும் இரண்டுக்கும் ஏதாவது அர்த்தம் இருக்குமோ என்று அரைமணி நேரம் மண்டையைக் குழப்பினேன். அந்தப் பைக்காரர் பாவம், "சாப்பிடுங்க சேர், எனக்கு வேணாம்" என்று போய்விட்டார். சாப்பிட்டேன். நல்ல ருசி. அது என் சந்தேகத்தைக் கூட்டியது.

மறுநாளிலிருந்து லீவு போட்டுவிட்டு வளைவுக்கு எதிரே உள்ள பஸ் தரிப்பிடத்தில் உட்கார்ந்தேன். அங்கேதான் முதன்முதலாகச் செல்லப்பாவைப் பார்த்தேன். மெலிந்த ஆள், நரைத்த மீசை, மடித்துக் கட்டிய சாரம், சபையில் கொடுத்த காக்கிச் சட்டை. பழைய பைக் ஏதாவது வந்து நின்றால் கதிரையிலிருந்து எழுந்து வருவார். "எஞ்சினை நிப்பாட்டாதீங்க" என்பார். கடலை வண்டியின் கைப்பிடியில் தொங்கும் வெள்ளைத் துணித் துண்டுகளில் ஒன்றை எடுத்து, சைலன்சர் முனைக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் எண்ணுவார். பிறகு துணியை வெயிலுக்குக் காட்டிப் பார்ப்பார், விரலால் தேய்ப்பார், முகர்வார். முகர்ந்துவிட்டு ஒன்று எங்கள் நிலையத்தின் பக்கம் கையைக் காட்டுவார், அல்லது வந்த வழியே திரும்பிப் போகச் சொல்வார். முதல் நாள் ஏழு பைக்குகள் வந்தன. நான்கு எங்களிடம் போயின, மூன்று திரும்பிவிட்டன. பைக்காரர்கள் கடலை வாங்கினார்கள். அதைத் தவிர யாரும் எதையும் கொடுக்கக் காணவில்லை.

கொடுக்காமல் இருப்பார்களா? எனக்குத் தெரியாதா இந்த உலகம்? ஒவ்வொரு கந்தோர் வாசலிலும் ஒரு தரகர் இருக்கிறார். பிறப்புச் சான்றிதழுக்கு ஒருவர், காணி உறுதிக்கு ஒருவர், லைசன்ஸுக்கு ஒருவர். புகைக்கும் ஒருவர் இருப்பதில் என்ன அதிசயம்! காசு வேறு எங்கோ வைத்துக் கைமாறுகிறது, திரும்பிப் போகும் பைக்குகளுக்கு ஏதோ ஒரு கராஜ்காரன் தரகு கொடுக்கிறான் என்று என் புத்தி சொன்னது. நான்கு நாள் பார்த்தும் அதில் ஒன்றைக்கூட கண்ணால் காணவில்லை. காணாததால் ஆள் கைகாரன் என்றுதான் நினைத்தேன்.

ஐந்தாம் நாள் பொறி வைத்தேன். என் மச்சான் மக்கீனிடம் ஒரு பழைய ஹொண்டா இருந்தது. அது போகிற வழியெல்லாம் கொசுவுக்குப் புகை அடித்த மாதிரி இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, முகத்தை முழுதாக மூடுகிற ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வளைவில் போய் நின்றேன்.

"வாங்க நானா, நிப்பாட்டாதீங்க" என்று செல்லப்பா எழுந்து வந்தார்.

துணியைப் பிடித்தார், எண்ணினார், எனக்குக் காட்டினார். மஞ்சளும் கறுப்புமாக ஒரு வட்டம்.

"தொட்டுப் பாருங்க. பிசுபிசுன்னு இருக்கா? கறுப்பா பொடியா ஒட்டுச்சுன்னா காபரேட்டர், திருகிச் சரிபண்ணிடலாம். இப்பிடி பிசுபிசுத்தா எஞ்சின் எண்ணெயக் குடிக்குதுன்னு அர்த்தம். பிஸ்டன் ரிங்ஸ் போயிருச்சு. டெஸ்டுக்குப் போகாதீங்க நானா, விழுந்துரும். காசும் வீண், ஒரு நாளும் வீண்."

நான் குரலை மாற்றிக்கொண்டு, "வேற வழி ஏதும் இல்லையா? உள்ள ஆரையும் தெரியுமா?" என்று கேட்டேன்.

அவர் என் ஹெல்மெட்டின் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உள்ள யாரையும் தெரியாதுங்க. உள்ள பெரியவர் ஒருத்தர் இருக்காராம், பெரிய சந்தேகப் பிராணின்னு கேள்வி. அவருகிட்ட நம்ம பருப்பு வேகாது."

வடிவம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். புகை தாங்க முடியாமல் இருமுகிறாள் என்று நினைத்தேன். எனக்கோ ஆத்திரம். ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினேன்.

"எதுக்கு?" என்றார்.

"நீங்க பாத்ததுக்கு."

"பாக்கிறதுக்கு எதுக்குங்க காசு? கடலை வேணும்னா வாங்கிக்கங்க."

"சும்மா இதெல்லாம் ஆர் செய்வாங்க?"

அதற்கு வடிவம்மாதான் பதில் சொன்னாள். சிரித்து முடித்திருந்தாள்.

"சும்மாவா? நல்லா கேட்டீங்க! இந்த வளைவுல ஏறுற பைக் எல்லாம் புகையைக் கக்கிட்டுப் போகும். கடலை பூரா மண்ணெண்ணெய் நாத்தம். தட்டு மூடுற துணி காலையில வெள்ளை, பின்னேரம் கரி. துவைச்சுத் துவைச்சு என் கை போச்சு. வாங்குறவங்க மூஞ்சில எறியாத குறை. அப்பத்தான் இவரு நடுரோட்டுல போயி நின்னு, புகை வுடுற பைக்கை எல்லாம் மறிச்சு ஏச ஆரம்பிச்சாரு. ஏச்சு வாங்குனவங்களே, அப்ப என்ன செய்யணும் சொல்லுன்னு கேட்டாங்க. அப்பிடித் தொடங்குனதுங்க இது."

"துணிதான் சொல்லும்" என்றார் செல்லப்பா. "டவுன்ல வேலைக்குச் சேர்ந்தப்ப நான் ஹந்தானை லயத்துல இருந்து போன பையன். டிராக்டர் ஓட்டலாம், எஞ்சின் மூடியைத் திறக்கக் கூடாது. கோளாறுன்னா வேலைத்தலத்துல போயி சொல்லணும். சொன்னா நம்ப மாட்டாங்க. வேலை செய்யக் கள்ளம், பொய் சொல்றான்னுவாங்க. அதனால ஒரு துணியைப் புகையில பிடிச்சு, கொண்டுபோயி மேசையில வைப்பேன். வாய் சொல்றதை நம்பாதவங்க துணியை நம்புனாங்க. இருபத்தெட்டு வருஷம் அப்பிடித்தான்."

எவ்வளவு பொருத்தமான கதை! ஒரு ஓட்டை இல்லை. என் அனுபவத்தில் ஓட்டையே இல்லாத கதை என்றால் அது முன்கூட்டியே கட்டிவைத்த கதை. ஒரு வார்த்தையைக்கூட நம்பாமல் வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்தேன். நிலையத்துக்கு வெளியே ஒரு தரகர் இயங்குகிறார், கடலை வியாபாரம் வெறும் மறைப்பு, பழைய வண்டிகள் பாஸாவதற்கு அவரே காரணம் என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் கெட்டித்தனத்தைக் காட்ட ஒரு யோசனையும் சேர்த்தேன். இருபது வருஷத்துக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள் முதல் தடவையிலேயே பாஸானால், மறுநாளும் கொண்டுவரச் சொல்லி இன்னொரு தடவை சோதித்த பிறகே சான்றிதழ் கொடுக்க வேண்டும்.

சகீனா தேநீரை வைத்துவிட்டு என் தோளுக்கு மேலால் வாசித்தாள்.

"அந்த மனிசன் காசு வாங்கினத நீங்க கண்டீங்களா?"

"காணல்ல. அதுக்கு?"

"காணாததையா எழுதுறீங்க? எனக்குக் கண் தெரியுமா எண்டு மட்டும் அண்டைக்கு நல்லாப் பாத்தீங்க."

"உனக்கு ஒண்டும் விளங்காது" என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை ஒட்டினேன். மறுநாள் காலை தபாலில் சேர்த்தேன்.

அதைச் சேர்த்துவிட்டு வேலைக்குப் போனேன். மக்கீனின் பைக்கில்தான் போனேன், இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அதன் புகையைக் கண்ட திருச்செல்வம், பதியாமல் சும்மா ஒரு தடவை கம்பியை விட்டுப் பார்த்தான். கணினித் திரை சிவப்பாகிவிட்டது. விழுந்துரும் என்று செல்லப்பா துணியைப் பார்த்துச் சொன்னது அப்படியே நடந்தது.

"எவ்வளவு காலம் சேர் இப்பிடி ஒரு வண்டியை இஞ்சை கண்டு!" என்றான் திருச்செல்வம். "பழசு எண்டால் வாறதெல்லாம் நல்லதுதான் வருது. கூடாதது வாறேல்லை."

கூடாதது வருவதில்லை. நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏழு பைக்குகளில் மூன்று திரும்பிப் போனதை என் கண்ணாலேயே கண்டேனே! அந்த மூன்றும் எங்களிடம் வந்திருந்தால் விழுந்திருக்கும். வரவில்லை, ஆகவே எங்கள் கணினியில் இல்லை. ரிங்ஸ் போட்டுக்கொண்டு, காபரேட்டரைச் சரிசெய்துகொண்டு, துணி வெள்ளையான பிறகுதான் வந்தார்கள். வந்தவர்கள் பாஸானார்கள். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருகிற தோட்டத்து ஆளுக்கு ஒரே தடவையில் வேலை முடிகிறது என்றால் புசல்லாவையிலிருந்து ஏன் வரமாட்டான்? இதில் தரகும் இல்லை, திருட்டும் இல்லை. புதிய பைக்காரர்கள் செல்லப்பாவிடம் நிற்பதில்லை, அதனால்தான் அவர்கள் விழுந்தார்கள். இவ்வளவு லேசான விஷயம் எனக்கு ஏன் தோன்றவில்லை? கடிதம் அதற்குள் கொழும்பு ரயிலில் ஏறியிருக்கும்.

இன்னொரு கடிதம் எழுதியிருக்கலாம்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியது பிழை என்றால் பிறகு காரணம் என்ன என்று கேட்பார்கள். ஒரு கடலைக்காரர் துணியால் சோதிக்கிறார் என்று எழுதினால் நம்புவார்களா? நானே நம்பவில்லையே. கடைசியில் பொறுப்பாளர்தான் கை நீட்டியிருக்கிறார் என்று முடிப்பார்கள். பயந்துவிட்டேன். தாளைக் கிழித்துப் போட்டேன்.

எட்டு நாள் கழித்து கொழும்பிலிருந்து தலைமைக் கந்தோர்ப் பெரியவர் ஒருவர் ஜீப்பில் வந்தார், கூடவே இரண்டு பொலிஸ்காரர்கள். என்னையும் வளைவுக்கு அழைத்துப் போனார். செல்லப்பா எழுந்து நின்றார். சபையில் வேலை செய்தவர் அல்லவா, நல்ல சிங்களம் பேசினார்.

"ஒரு பைக்குக்கு எவ்வளவு வாங்குகிறாய்?" என்று பெரியவர் கேட்டார்.

"ஒன்றும் வாங்குவதில்லை மஹத்தயா."

"சும்மா யார் செய்வார்கள்?"

அது என் கேள்வி. அதே சொற்கள், மொழிதான் வேறு. செல்லப்பா ஒரு துணித் துண்டை எடுத்துக் காட்டி விளக்கப் பார்த்தார். பெரியவர் அதைத் தொடவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீர்தானே எழுதினீர், நளீர்? இவர் தரகர்தானே?"

செல்லப்பா என்னைப் பார்த்தார். வடிவம்மாவும் கரண்டியைக் கையில் பிடித்தபடி பார்த்தாள். இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. ஆம் சேர் என்றேன்.

அவரைப் பிடித்துக்கொண்டு போகவில்லை. இனி இந்த வளைவில் வண்டியைக் காணக்கூடாது என்று பொலிஸ்காரர் சொன்னார், அவ்வளவுதான். வடிவம்மா கடலைத் தட்டைத் துணியால் மூடினாள். செல்லப்பா பிளாஸ்டிக் கதிரையை வண்டிமேல் கவிழ்த்து வைத்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஏற்றத்தில் போனார்கள். ஏச்சுப் பேச்சு ஒன்றும் இல்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு பழைய பைக்குகள் நேராக எங்களிடம் வரத் தொடங்கின. வந்தவை விழுந்தன. பணம் கட்டி, விழுந்து, ஏசி, திரும்பி வந்து மறுபடியும் விழுந்தார்கள். முற்றம் முழுக்கப் புகையும் சண்டையும். நாலு தடவை வந்துபோன ஒரு புசல்லாவை ஆள் தன் ஹெல்மெட்டை நிலத்தில் அடித்து உடைத்தான். மூன்று மாதத்தில் எங்கள் கணக்கு அறுபத்தொன்றுக்கு இறங்கியது. தலைமைக் கந்தோரிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. முறைகேடு தடுக்கப்பட்டுள்ளது, பொறுப்பாளரின் விழிப்பு மெச்சத்தக்கது, அவருடைய இரட்டைச் சோதனை யோசனை உடனடியாக நடைமுறைக்கு வருகிறது. றம்லத் அதை வாசித்துவிட்டு என் மேசையில் வைத்தாள்.

"நல்லம் நானா. இப்ப கடலையும் இல்ல."

பெப்ரவரி மாதம் ஒரு திங்கட்கிழமை வரிசையில் செல்லப்பா நின்றார். 1979ஆம் வருஷத்துப் பைக் ஒன்று. பின்னால் ஒரு பெரிய கூடை, பக்கத்தில் வடிவம்மா. எனக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை. திருச்செல்வம்தான் பேச்சுக் கொடுத்து விஷயத்தை வாங்கினான். வளைவு போனதிலிருந்து ஹந்தானையில் லயம் லயமாகப் போய்க் கடலை விற்கிறார்களாம். கூடையைத் தூக்கிக்கொண்டு வடிவம்மாவால் மலை ஏற முடியவில்லை. நான்கு வருஷமாக வீட்டில் கிடந்த பைக்கை எடுத்திருக்கிறார்.

"நாலு வருஷம் ஏன் ஐயா சும்மா வச்சிருந்தனீங்கள்?" என்று திருச்செல்வம் கேட்டான்.

"என் துணியிலயே பாஸாகலையே தம்பி. ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நான் எப்பிடி ஓட்டுறது? இப்பத்தான் எஞ்சினைப் பிரிச்சுப் போட்டேன்."

கம்பியை விட்டார்கள். கணினி காட்டிய அளவைப் பார்த்துத் திருச்செல்வம் விசிலடித்தான். போன கிழமை வந்த புத்தம்புதுப் பைக்குகூட அப்படிக் காட்டவில்லை. முதல் தடவையே பாஸ். முப்பத்தைந்து வருஷத்துப் பைக். ஆகவே நான் எழுந்து போய் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. பழைய வண்டி முதல் தடவை பாஸானால் மறுநாளும் வர வேண்டும், அதுதான் புதுச் சட்டம் என்று சொன்னேன். யார் போட்ட சட்டம் என்று சொல்லவில்லை.

"நாளைக்குமா?" என்றார். கூடையைப் பார்த்தார். "அவிச்ச கடலை நாளைக்கு நிக்காதே. சரி, இன்னைக்கு வீட்டைச் சுத்தி வித்துருவோம்."

மறுநாளும் வந்தார். அதே அளவு, அதே பாஸ். சான்றிதழை நானே கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். என்னிடம் ஏதாவது கேட்பார், திட்டுவார் என்று நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன், இனி அடுத்த வருஷம் வந்தால் போதும் என்றேன்.

"நானா" என்றார் செல்லப்பா. "உங்க மச்சான் மக்கீன் தம்பியோட பைக்குக்கு ரிங்ஸ் போட்டாச்சா?"

பேனாவைச் சட்டைப் பையில் செருகினேன்.

"நீங்க ஹெல்மெட் போட்டுக் கொண்டு வர்றதுக்கு முந்தியே அந்தப் பைக்கை ரெண்டு தரம் நான்தான் திருப்பி அனுப்புனேன். வண்டி தெரியாதா? நாலு நாளா எதிர்த்தாப்புல உக்காந்து ஒரே பேப்பரை வச்சுக்கிட்டு இருந்தீங்க. இவதான் முதல்ல கண்டா. பாவம், வேலைக்குப் பயந்து பாக்கிறாரு போல, பாத்துட்டுப் போகட்டும்னு சொன்னா."

வடிவம்மா கூடையைப் பிடித்தபடி நின்றாள். இந்தத் தடவை முந்தானையும் வாய்க்குப் போகவில்லை.

"போட்டாச்சு" என்றேன். போடவில்லை. அன்று காலை நான் வந்ததும் இன்னும் திருப்பிக் கொடுக்காத அந்தப் பைக்கில்தான். வாசலில், அவருடைய பைக்குக்குப் பக்கத்திலேயே நின்றது. சைலன்சர் முனையில் எண்ணெய் பிசுபிசுத்துக் கிடந்தது. செல்லப்பா அதைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"அப்ப சரி" என்றார்.

கூடையை மூடியிருந்த வெள்ளைத் துணியை இரண்டு பக்கமும் இழுத்து, இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் பைக்கை ஸ்டார்ட் செய்தார்.